ராக்கெட் தளம் வரும் ஊரில் யாரிடம் என்ன கேட்பது?

நெய்தல்கவி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தை (குலசை) எடுத்திருக்கிறேன். நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் அங்கேதான் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள், அன்றைக்கே ரோகிணி ஆர்எச்-200 என்ற சின்ன ஆய்வு ராக்கெட் ஒன்றையும் விட்டுக் காட்டினார்கள். எடுத்த நிலம் 2,233 ஏக்கர் என்கிறார்கள்.

தலைப்பைச் சொன்னதும் துறையில் ஒருவர் சிரித்தார். "விண்வெளியில் சமூகம் எங்கேம்மா இருக்கு? அங்கே ஆளே இல்லையே" என்றார். விண்வெளியில் இல்லை சார், ராக்கெட் கிளம்புகிற இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

நாற்பது கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். மாதிரிக்கு மூன்று:

"ராக்கெட் தளம் வருவது பற்றி உங்கள் கருத்து? (மிக நல்லது / நல்லது / தெரியாது / நல்லதல்ல)"

"தளத்தால் உங்கள் குடும்பத்துக்கு வேலை கிடைக்கும் என்று நம்புகிறீர்களா?"

"விண்வெளி ஆராய்ச்சி நாட்டுக்குத் தேவையா?"

படித்துவிட்டுத் தாராளமாகத் திட்டலாம். களத்துக்குப் போய் அசிங்கப்படுவதற்கு இங்கேயே பட்டுவிடலாம்.

கவுண்ட்டவுன்72

அம்மா, நான் ராக்கெட் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விக்கு முன்னால் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஊரில் உங்களைத்தான் கேட்பார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வடக்கு தெற்காகப் பூமியைச் சுற்றும் துருவப் பாதைக்கு செயற்கைக்கோள் அனுப்ப வேண்டுமென்றால் நேர் தெற்கே விட முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. ஆள் குடியிருக்கும் நிலத்தின் மேல் ராக்கெட்டைப் பறக்கவிடக் கூடாது. அதனால் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே திருப்ப வேண்டும். அந்தத் திருப்பம் எரிபொருளைத் தின்றுவிடும். பெரிய ராக்கெட் தாங்கும். 500 கிலோ தூக்குகிற எஸ்எஸ்எல்வி போன்ற சின்னதுக்கு அது பெரிய அடி. குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை தண்ணீர்தான். அவ்வளவுதான் காரணம். இதில் அரசியலும் இல்லை, சமூகவியலும் இல்லை. பூகோளம்.

மொட்டைமாடி

நாட்டில் பாதிப் பேருக்குச் சோறு இல்லை, இவர்களுக்கு ராக்கெட். இதுக்கு ஒரு ஆய்வு வேற. போங்கப்பா.

பழையபேப்பர்

மொட்டைமாடி, இந்தக் கேள்விக்கு என்னைவிட வயது அதிகம். 1969 ஜூலை 15, அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள். மார்ட்டின் லூதர் கிங்கோடு இருந்த ரால்ஃப் அபெர்னதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் கூட்டிக்கொண்டு கென்னடி விண்வெளி மையத்துக்கே போய் நின்றார். நாசா தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து பேசினார். பட்டனை அழுத்தாமல் இருந்தால் வறுமை தீரும் என்றால் நாங்கள் நாளைக்கு அழுத்த மாட்டோம் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். பிறகு அந்தக் குடும்பங்களில் சிலருக்கு ஏவுதலைப் பார்க்க விருந்தினர் இடம் கொடுத்தார்கள். அபெர்னதியும் விண்வெளி வீரர்களுக்காகப் பிரார்த்தனை செய்தார்.

எனக்கு இதில் பிடித்தது, இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான். பட்டனை அழுத்தாமல் விட்டாலும் வறுமை தீராது. கழுதை வண்டியில் வந்தவர்களின் பசியும் பொய்யில்லை. அதனால் "ராக்கெட்டா சோறா" என்ற சண்டையை விட்டுவிட்டு, இந்த ராக்கெட்டால் யாருக்குச் சோறு கிடைக்கிறது, யார் தட்டிலிருந்து போகிறது என்று பார்த்தால் பேச்சு நகரும்.

தேரிக்காட்டான்

நமக்கு உடன்குடிப் பக்கம். கவி தங்கச்சி, உன் கேள்வித்தாளைப் படித்தேன். எங்க ஊரில் எல்லாரும் "மிக நல்லது"-க்கு டிக் அடிப்பார்கள், நானும் அடிப்பேன். மங்கள்யான் போன அன்றைக்கு டீக்கடையில் பன் வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?

நான் ஒன்று சொல்கிறேன். இது ராக்கெட் தளக் கதை இல்லை, வேறு ஒரு திட்டம், வேறு ஒரு காலம், பெயர் வேண்டாம். எங்க அய்யாவின் நிலத்தை அளந்து எடுத்தார்கள். மரத்தை எல்லாம் எண்ணினார்கள். தென்னைக்கு இவ்வளவு, முருங்கைக்கு இவ்வளவு, பனைக்கு இவ்வளவு. அய்யா கையெழுத்துப் போட்டார், பணமும் கொஞ்சம் இழுத்தடித்து வந்தது. சரி.

அந்தப் பனைகளில் ஏறியது அய்யா இல்லை. ஒருத்தர் எங்களிடம் பாட்டத்துக்கு எடுத்து ஏறினார். விடியக் காலம் நாலு மணிக்கு இடுப்பில் அருவாபெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைத்துவிட்டு இறங்குவார். சாயங்காலம் திரும்ப ஏறுவார். பதநீரை அவர் வீட்டம்மா விடிலிக் குடிசையில் வைத்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டி ஆக்குவார். நாற்பது மரம், ஒரு குடும்பம். அவர் பெயரில் பட்டா இல்லை. மரம் எங்களது, நிலம் எங்களது. மரத்தை எண்ணியவர்கள் மரத்தில் ஏறியவரை எண்ணவில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

அன்றைக்கு யாராவது அவரிடம் வந்து "திட்டம் பற்றி உங்கள் கருத்து?" என்று கேட்டிருந்தால் "நல்லதுதான்" என்றுதான் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்தவர்களிடம் வேறு என்ன சொல்வது.

நெய்தல்கவி

அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் நாற்பது கேள்வியில் ஒன்றுகூட அவரைப் பிடித்திருக்காது. "நிலம் இருக்கிறதா, ஆம்/இல்லை" என்று இருக்கிறது. அவர் "இல்லை" என்பார், நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

கவுண்ட்டவுன்72

வருத்தமான விஷயம்தான். ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் இது பொது. ராக்கெட்டை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? இன்னொன்றையும் பாருங்கள். நம் முதல் ராக்கெட் தளமான கேரளத்துத் தும்பாவில் என்ன நடந்தது? மீனவ ஊர், நடுவில் மகதலேனா மரியாள் தேவாலயம். பூமியின் காந்த நடுக்கோடு அந்த இடத்துக்குப் பக்கத்தில் போகிறது, ஆராய்ச்சிக்கு வேறு இடம் கிடையாது. விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் நேராகப் போய் பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேராவைப் பார்த்தார். பிஷப் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மக்களிடம் கேட்டார், ஊரே சம்மதித்தது. தேவாலயம் அலுவலகம் ஆனது, மாட்டுக்கொட்டகை பட்டறை ஆனது. 1963 நவம்பர் 21 சாயங்காலம் முதல் ராக்கெட். நாசா கொடுத்த நைக்-அப்பாச்சி. வானத்தில் சோடியம் ஆவியை விட்டது, அந்தி வெளிச்சத்தில் மேகம் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. ஊரைக் கேட்டுத்தானே செய்தார்கள்?

பழையபேப்பர்

ஐயா, அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். சைக்கிளில் ராக்கெட் கூம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படம் என் மேசை மேலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் பேசுகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். சாராபாய் பேசுகிறார், பிஷப் பேசுகிறார், ஊர் "ஆமென்" சொல்கிறது. அத்தோடு ஊருக்கு வசனம் முடிந்துவிட்டது. பூசை முடிந்து வீட்டுக்குப் போய் அந்த அம்மா அடுப்பங்கரையில் என்ன சொன்னார் என்பதை யாரும் எழுதவில்லை. சற்றுத் தள்ளிப் புது ஊரும் கோயிலும் பள்ளியும் கட்டிக் கொடுத்தார்கள், உண்மை. பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம், அதுவும் உண்மை. 1968 பிப்ரவரி 2-ல் தளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்கள், உலகத்துக்கே பொது என்று. கரையில் வலை உலர்த்தியவன் இந்த "உலகத்துக்குள்" வருகிறானா என்பதுதான் சமூகவியல்காரனின் கேள்வி. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, ஏட்டில் விட்டுப்போனதைச் சேர்ப்பதற்காகத்தான்.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அந்த அழகான கதைகூடக் கிடையாது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கிற தீவு. அங்கே யானாதிகள் இருந்தார்கள், காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த பழங்குடி. 1969-ல் இடம் தேர்வானது, 1971 அக்டோபர் 9-ல் முதல் ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டா என்றால் நமக்குக் கவுண்ட்டவுன் குரல்தான் நினைவுக்கு வருகிறது, யானாதி என்ற சொல் இந்த மன்றத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ராக்கெட் தளம் வேண்டுமென்றால் வரைபடத்தில் "காலி இடம்" தேடுவார்கள். கடலோரம், நடுக்கோட்டுக்குப் பக்கம், ஆள் குறைவு. ஆள் குறைவு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, கேட்க நாதி இல்லாத ஆள் என்று அர்த்தம். குலசையையே எடுத்துக்கொள்ளுங்கள், 1942-ல் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டு, இரண்டு பேருக்குத் தூக்கு வரை போய்த் தப்பிய வழக்கு நடந்த ஊர். தசராவுக்கு லட்சக்கணக்கில் வேஷம் கட்டிக்கொண்டு வருகிற ஊர். இதையா காலி இடம் என்பது? (காளி வேஷம், குறத்தி வேஷம் எல்லாம் பார்த்தாயிற்று. இனி ராக்கெட் வேஷமும் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

செவ்வந்தி_பாரிஸ்

நான் யாழ்ப்பாணம், இப்ப பிரான்சில் இருக்கிறன். உங்கட ராக்கெட் எங்கட நாட்டைச் சுத்திக்கொண்டு போறது எண்டு வாசிச்சுச் சிரிப்பு வந்தது, எங்களுக்கு அந்த அளவுக்காவது மரியாதை கிடைச்சிருக்கு.

பழையபேப்பர் அண்ணா சொன்னதுக்கு இன்னொரு ஊர். பிரான்சின்ர ராக்கெட் தளம் தென் அமெரிக்காவில, பிரெஞ்சு கயானாவின் கூரூவில இருக்கு. முதலில் அல்ஜீரியப் பாலைவனத்தில்தான் விட்டவை. அல்ஜீரியா 1962-ல் சுதந்திரம் எடுத்ததும் வேற இடம் தேட வேண்டி வந்தது. 1964-ல் கூரூவைத் தெரிவு செய்தவை. பல நூறு குடும்பங்களை எழுப்பினவை. ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளின குடியேற்றம் அது, பக்கத்துத் தீவுகளில் சிறைச்சாலைக் கட்டடம் இப்பவும் நிக்குது. ராக்கெட் அந்தத் தீவுகளுக்கு மேலாலதான் போகும்.

வீட்டுக்காரரின் வேலை விஷயமாக ஒருக்கா நானும் அங்க போனனான். தளத்துக்குப் போற வீதி வழுவழு எண்டு இருக்கும். உள்ளுக்குக் காட்டுப் பக்கம் போனால் குழாய்த் தண்ணி இல்லாத ஊருகள். 2017-ல் சனம் பொறுமை இழந்து வீதியை மறிச்சுது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாதுகாப்பு எண்டு கேட்டுப் பொது வேலைநிறுத்தம். மார்ச் மாதம் ஏரியன் 5 ராக்கெட்டை ஏவுமேடைக்குக் கொண்டுபோக விடேல்லை. பேச வந்த ஆக்கள் விண்வெளி மையத்துக்குள்ளயே போய் இருந்துகொண்டு வெளிக்கிட மாட்டம் எண்டவை. ஏப்ரலில் ஒப்பந்தம் வந்துது, நூறு கோடி யூரோவுக்கு மேல அவசர உதவி. மே மாதம்தான் ராக்கெட் போச்சு.

அந்த இயக்கத்தின்ர பெயர்தான் எனக்கு மறக்காது. கிரியோல் மொழியில வைச்ச பெயர், அர்த்தம் "கயானா மேலெழும்ப". ராக்கெட் எழும்புறதுக்குச் சொல்லுற அதே சொல். ஐம்பது வருசமா ராக்கெட் எழும்புறதைப் பார்த்த சனம், நாங்கள் எப்ப எழும்புறது எண்டு கேட்ட மாதிரி.

கவுண்ட்டவுன்72

இது எனக்குப் புதுத் தகவல், நன்றி. ஏவுதல் தள்ளிப்போனது தெரியும், வேலைநிறுத்தம் என்று ஒற்றை வரியில் செய்தி படித்தோம், பெயரின் அர்த்தம் தெரியாது.

மணப்பாட்டுப் பையன்

வணக்கம். பாட்டன் காலத்திலிருந்து கடல்தான். நான் மட்டும் கரையில் கம்ப்யூட்டர்.

கவி அக்கா கேள்வியில் கடல் எங்கேயும் இல்லை. 2,233 ஏக்கர் என்பது தரைக்கணக்கு. ராக்கெட் பறப்பது கடல் மேல். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல் அன்றைக்குப் பழவேற்காட்டுக்காரர்களைக் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். கடலுக்கு ஏக்கரும் இல்லை, பட்டாவும் இல்லை. தேரிக்காட்டு அண்ணன் சொன்ன பனையேறி மாதிரி நாங்கள் மொத்த ஊரும்.

கவுண்ட்டவுன்72

தம்பி, வருஷத்தில் சில நாட்கள்தானே? பாதுகாப்புக்காகத்தானே சொல்கிறார்கள்?

மணப்பாட்டுப் பையன்

சில நாள்தான் ஐயா. எந்த நாள் என்பதுதான் விஷயம். எங்கள் கணக்கில் வருஷத்துக்கு 365 நாள் கிடையாது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடை. அது எங்கள் வள்ளத்துக்கு இல்லை, ஆனால் கச்சான் காற்று ஓங்கினால் வள்ளமும் போகாது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் இல்லை. மீதியில்தான் மீன்பாடு. நல்ல மீன்பாடு மொத்த வருஷத்துக்கும் ஒரு சில வாரம்தான் இருக்கும், அந்த நாலு நாளில் பட்ட கடனை அடைப்போம். அந்த வாரத்தில் ஏவுதல் வந்து, அதுவும் வால்வு சரியில்லை என்று மறுநாளுக்குத் தள்ளிப்போனால்? ராக்கெட்டுக்கு ஒரு நாள் தாமதம், எங்களுக்கு அந்த வருஷம்.

இன்னொன்று. கடலுக்கடியில் மீன் சேரும் பாறைத்திட்டைப் பார் என்போம். அது இருக்கும் இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் பிடிப்போம். இந்தக் கோபுரமும் அந்தப் பனைக்கூட்டமும் ஒரே கோட்டில் வந்தால் இந்தப் பார். ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஆனாலும் அப்பா கண் கரையைத்தான் தேடும். கரையில் பனையை வெட்டிவிட்டு உயரமாக ஒரு கட்டடம் கட்டினால் அப்பாவின் வரைபடத்தை யாரோ அழித்த மாதிரி. அந்தக் கட்டடமே புது அடையாளமாகவும் ஆகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டார், "அந்த மேடை எவ்வளவு உசரம் வரும்லே?"

கவுண்ட்டவுன்72

என்னிடம் பதில் இல்லை தம்பி. நாங்கள் அபாய வட்டத்தைக் கணக்குப் போடும்போது உடைந்த பாகம் எங்கே விழும், எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போடுவோம். அவர்கள் அங்கே எதற்காக வந்தார்கள் என்று கணக்கில் வராது. பாகம் என்றதும் ஞாபகம் வருகிறது, 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் ராக்கெட் பாகம் ஒன்று வந்து மாட்டியது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. நாங்கள் அது எந்த ராக்கெட் என்றுதான் பேசினோம். வலை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

சமூகவியல் இல்லை என்று மேலே சொன்னேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சரின் விபத்து எல்லாருக்கும் தெரியும். 1986 ஜனவரி 28, 73 விநாடி, குளிரில் விறைத்த ரப்பர் வளையம். முந்தின இரவே பொறியாளர்கள் வேண்டாம் என்று வாதாடினார்கள். அதை ஒரு சமூகவியல் ஆய்வாளர்தான் பல வருஷம் கிளறினார், டயான் வான். யாரோ சட்டத்தை மீறினார்கள், அதனால் வெடித்தது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் வளையம் கொஞ்சம் அரிபட்டு வந்தது, ஒவ்வொரு தடவையும் "இது வழக்கமானதுதான்" என்று எழுதி அடுத்ததற்குப் போனார்கள். தப்பு மெல்ல மெல்ல வழக்கம் ஆகிவிட்டது. 2003-ல் கொலம்பியா ஓடம் சிதறி விழுந்தபோது விசாரணைக் குழு அவரையே கூப்பிட்டுக் கேட்டது. படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது, எங்கள் கூட்டங்கள் மாதிரியே இருந்தது. ராக்கெட்டுக்குள்ளேயே சமூகவியல் இருக்கிறது என்று தெரிந்தும், ஊருக்கு வந்ததும் பூகோளம் என்று சொல்லிவிட்டேன் பாருங்கள்.

பழையபேப்பர்

ஐயா, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். உங்கள் துறையிடமே இன்னொரு நல்ல பழக்கம் இருந்தது, அதையும் நான் சொல்லியாக வேண்டும். எப்போதும் குறையே சொல்கிறான் என்று பெயர் வாங்க வேண்டாம்.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருஷம், நாசாவிடம் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் தொலைக்காட்சி காட்டினார்கள். சைட் என்று பெயர். ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகா. தமிழ்நாடு பட்டியலில் இல்லை, நமக்கு அந்த வாய்ப்புத் தப்பிவிட்டது. கோழி வலைக் கம்பியில் செய்த மூன்று மீட்டர் ஆண்டெனா, பள்ளிக்கூடத் திண்ணையிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு பெட்டி. மின்சாரமே இல்லாத சில ஊர்களில் பேட்டரியில் ஓட்டினார்கள். காலையில் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் பெரியவர்களுக்கு.

எனக்கு முக்கியம் பெட்டி இல்லை. விண்வெளி நிறுவனமே சம்பளம் கொடுத்து சமூக அறிவியல்காரர்களை வேலைக்கு வைத்தது. நிகழ்ச்சி எடுப்பதற்கு முன்னால் கிராமத்துப் பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்தார்கள், புரிகிறதா என்று. மானிடவியல் படித்தவர்கள் சில கிராமங்களிலேயே போய்த் தங்கினார்கள். பெட்டி வருவதற்கு முன்பு, வந்த பிறகு, போன பிறகு. யார் முன்னால் உட்காருகிறார்கள், யார் வாசலோடு நிற்கிறார்கள், பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்து போகிறார்கள் என்றெல்லாம் குறித்தார்கள். தொடங்கிய நாட்களில் கூட்டம் அலைமோதியது, பிறகு புதுமை தீர்ந்து குறைந்தது, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் செயற்கைக்கோளை நாசா திரும்ப நகர்த்திக்கொண்டது. பல ஊர்களில் பெட்டி இருட்டானது.

ராக்கெட்காரனும் கிராமத்தில் தங்கி நோட்டுப்புத்தகத்தில் எழுதுகிறவனும் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய காலம் அது. தும்பாவில் ஊரைப் பிஷப் மூலமாகக் கேட்டார்கள், சைட்டில் ஊரிலேயே போய் உட்கார்ந்தார்கள். கவி, உன் ஆய்வு இதில் எந்தப் பக்கம் சேரும் என்று பார்த்துக்கொள்.

மொட்டைமாடி

சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்த சமூகவியல்காரங்க இப்ப எங்கே?

பழையபேப்பர்

அதைத்தான் நானும் கேட்கிறேன். தொலைக்காட்சி காட்டுவதற்கு முன்னால் ஊரைப் படித்தவர்கள், நிலம் எடுப்பதற்கு முன்னால் அதே அளவுக்குப் படித்தால் என்ன? பிரேசிலில் அல்காந்தரா என்று ஒரு தளம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த கடலோரம். 1980-களில் 312 குடும்பங்களை உள்ளே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வீடு கொடுத்தார்கள், ஆனால் கடல் தூரமாகிவிட்டது. மீன் பிடிக்கிறவன் மீனுக்காக நடக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் பிரேசிலுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது 2025-ல். நாற்பது வருஷம். ஊரை முதலிலேயே படிக்க ஒரு வருஷம் போதும்.

நெய்தல்கவி

நேற்று ராத்திரி உட்கார்ந்து நாற்பதையும் அழித்துவிட்டேன். இப்போது கையில் பத்துதான் இருக்கிறது. கருத்துக் கேள்வி ஒன்றுகூட இல்லை. சில மட்டும்:

நேற்று விடிந்ததிலிருந்து நீங்கள் எங்கெங்கே போனீர்கள்? எந்த வழியாக?

அந்த இடம் யாருடையது? அவருக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன கொடுக்கிறார்?

போன வருஷம் நல்ல பாடு, நல்ல சீசன் எந்த வாரம்? அந்த வாரம் வேலைக்குப் போக முடியாமல் போனால் யாரிடம் கடன் வாங்குவீர்கள்?

கடலிலிருந்து பார்த்தால் உங்கள் ஊரை எதை வைத்து அடையாளம் காண்பீர்கள்?

கவுண்ட்டவுன் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏவுதல் தேதியை முடிவு செய்யும்போது வானிலை, செயற்கைக்கோள் பாதை எல்லாம் பார்ப்பீர்கள். அந்தப் பட்டியலில் மீன்பாட்டு வாரத்தையும் ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா? தொழில்நுட்பமாக, சும்மா கேட்கிறேன்.

கவுண்ட்டவுன்72

தொழில்நுட்பமாகச் சிரமம் ஒன்றும் இல்லை. கிரகத்துக்குப் போகிற ராக்கெட் என்றால் தேதி நம் கையில் இல்லை, கிரகம் காத்திருக்காது. சின்ன செயற்கைக்கோளுக்குப் பெரும்பாலும் நாளைத் தள்ளி வைக்கலாம். வாடிக்கையாளர் முணுமுணுப்பார். ஆனால் அந்த வரியை எழுத, எந்த வாரம் என்று யாராவது எங்களிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதுவரை நான் அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை. நீங்கள் தயார் செய்தால் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். பழைய நண்பர்கள் இரண்டு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

மணப்பாட்டுப் பையன்

அக்கா, அப்பா ஒரு பழைய டைரி வைத்திருக்கிறார். எந்த நாள் எந்தப் பாரில் என்ன மீன், எவ்வளவுக்குப் போச்சு என்று எழுதியிருக்கும். பல வருஷக் கணக்கு. எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், நான் படித்துச் சொல்கிறேன்.

தேரிக்காட்டான்

தங்கச்சி, தசராவுக்கு வராதே. கூட்டத்தில் உன் கேள்விக்கு யாரும் நிற்க மாட்டார்கள். பங்குனி பிறந்ததும் வா, பாளை சீவுகிற காலம். எங்க வீட்டில் தங்கிக்கொள்ளலாம், அம்மா இருக்கிறாள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் கேள்வி, "விடிந்ததிலிருந்து எங்கெங்கே போனீர்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மாற்று. பனையேறியிடம் அப்படிக் கேட்டால் பாதி நாள் போய்விடும். விடிவதற்கு முன்னாலிருந்து கேள். அலாரத்தை மூன்றரைக்கு வை.

நெய்தல்கவி

மாற்றிவிட்டேன் அண்ணே. மூன்றரை.